வெர்னியரோடு பிளைவுட் கடைக்குப் போனவன்

"ஏனுங்க சார், தங்கமா வாங்கப் போறீங்க?" என்று கேட்டான் கடைப்பையன். என் கையில் கனம் அளக்கும் டிஜிட்டல் வெர்னியர். சுவரில் சாய்த்து வைத்திருந்த 19 எம்.எம். ஷீட்டின் ஒரு மூலையில் 18.2 காட்டியது. அடுத்த மூலையில் 17.4. நீளவாக்கில் நடுவே வைத்தால் 17.9. பையனுக்குச் சிரிப்பாக இருந்தது. கல்லாவில் இருந்த முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தோரு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஷாஃப்ட் இருபது மைக்ரான் தடித்திருந்தால் வாங்க மாட்டேன், திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்ட நான் 2016-ல் வீடு கட்டியபோது, சமையலறை மரவேலைக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு, வந்து இறங்கிய பிளைவுட்டை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆசாரி சொன்ன கடை, ஆசாரி சொன்ன சரக்கு. பணம் மட்டும் என்னுடையது.

மூன்றாவது மழைக்காலத்தில் சிங்க் அடியில் இருந்த அலமாரியின் கீழ்ப்பலகை உப்பியது. குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு, யாரும் கவனிக்கவில்லை. பலகையைப் பெயர்த்து எடுத்தால், பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. "710 மரைன் போட்டிருக்குங்க, ஜென்மத்துக்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் போட்டார்கள். பரணில் மீந்த துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆமாம், சிவப்பு எழுத்தில் '710' என்று கொட்டை எழுத்து இருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை. அந்த முத்திரையின் தலைமேல் இருந்த எண் 303.

அன்றைக்குத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது கார் ஷெட்டில் ஒரு மேஜை ரம்பம், மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மரத்தூள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே இருப்பது எந்தத் தரவிதிப்படி செய்தது என்பதற்கான எண். கீழே சி.எம்/எல் என்று தொடங்குவது அந்த ஆலையின் உரிம எண். பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710, நடுவே மரப்பட்டைகளை அடுக்கிய பிளாக்போர்டுக்கு ஐ.எஸ். 1659. இந்த மூன்றும் நினைவில் இருந்தால் போதும். பலகையில் வேறு எங்கே என்ன அச்சடித்திருந்தாலும் அது விளம்பரம். முத்திரைக்கு மேலே இருக்கும் எண்தான் பேச்சு. உரிம எண்ணை, இந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அடித்தால் எந்த ஆலை, எந்தப் பொருளுக்கு, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். கடையிலேயே நின்று அடித்துப் பார்க்கிறேன். கூச்சமெல்லாம் போய் வெகு நாளாகிறது.

303-லும் 710-லும் அப்படி என்னதான் வித்தியாசம்? பெரிதும் பசைதான். கடைக்காரர்கள் 'கமர்ஷியல்' என்று சொல்வது எம்.ஆர். ரகம், அதாவது ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. யூரியா பிசின் போட்டு ஒட்டியது. 60 டிகிரி சுடுதண்ணீரில் மூன்று மணி நேரம் தாங்கினால் அதற்குத் தேர்ச்சி. 303-லேயே இன்னொரு ரகம் பி.டபிள்யூ.ஆர்., கொதிக்கிற தண்ணீரில் எட்டு மணி நேரம். 710 என்றால் 72 மணி நேரக் கொதி, மூன்று பகல் மூன்று இரவு. அதற்கு ஃபீனால் பிசின் வேண்டும். ஃபீனால் பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும், யூரியா வெளிறிப்போய் இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், யூரியாவிலும் சாயம் கலக்கிறார்கள்.

படித்ததை நம்பாமல் வேகவைத்தும் பார்த்தேன். மூன்று கடைகளில் மூன்று ரகம் கட்பீஸ் வாங்கி, மொட்டை மாடியில் கல்லடுப்புக் கூட்டி, தேங்காய்த் தொட்டி போட்டு எரித்து, பழைய அலுமினியக் குண்டாவில் துண்டுகளை மூழ்கவிட்டு மேலே செங்கல் வைத்தேன். "ஏண்டா கண்ணு, ஊருல எல்லாரும் ஞாயித்துக்கெழமை கறி வேக வைக்கிறாங்க, நீ பலகையை வேக வைக்கிற" என்று அம்மா மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கமர்ஷியல் துண்டு நாற்பது நிமிடத்தில் வாய் பிளந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. பி.டபிள்யூ.ஆர். துண்டு எட்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது முழுசாகத்தான் இருந்தது, ஒரு மூலையில் மட்டும் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். 710 துண்டை மூன்று ஞாயிறு, தலா எட்டு மணி நேரம் வேகவிட்டேன். தரவிதியில் இருக்கிற மாதிரித் தொடர்ந்து 72 மணி நேரம் அடுப்பெரிக்க எனக்குத் தொட்டியும் போதாது, வீட்டில் பெயரும் போதாது. ஆனாலும் அது அசையவில்லை.

வெந்ததைப் பார்ப்பதோடு முடியவில்லை. உளியை அடுக்குகளுக்கு நடுவே விட்டு நெம்பிப் பார்க்க வேண்டும். நல்ல பசையாக இருந்தால் பசை விடாது, மரம்தான் கிழியும். கிழிந்த முகத்தில் நார் நாராக மரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கெட்ட பசை என்றால் இரண்டு பக்கமும் வழவழவென்று, கண்ணாடி மாதிரிப் பிரிந்து வரும். பரிசோதனைக் கூடத்திலும் கத்தியை வைத்து ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 72 மணி நேரம் வெந்தாலும் பசை விடாது என்றுதான் 710 சொல்கிறது. மரம் தண்ணீர் குடிக்காது என்று சொல்லவில்லை. ஓரத்தை மூடாமல் விட்டால் 710-ம் குடிக்கும், உப்பும், பூசணம் பிடிக்கும். சிங்க் அடியில் இப்போது நான் போட்டிருக்கும் பலகையின் நாலு ஓரமும், குழாய்க்குப் போட்ட ஓட்டையின் உள்வட்டமும் எபாக்சி பூசியது. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு இடத்துக்கு பிளைவுட்டே வேண்டாம், பி.வி.சி. போர்டு போதும். எனக்கு வீம்பு, போட்டேன்.

பசையைக் கடையில் வைத்துப் பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் 'கோர்', அதாவது நடு அடுக்குகளைப் பார்க்கலாம். அதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கூட்டாளி ஒருவரின் லாரியில் தொற்றிக்கொண்டு கேரளத்துப் பெரும்பாவூர் போனேன். தென்னிந்தியாவில் விற்கும் பிளைவுட்டில் கணிசமான பங்கு அந்த ஊர்ப் பக்கத்து ஆலைகளில் இருந்துதான் வருகிறது. வடக்கே ஹரியானாவின் யமுனாநகர் எப்படியோ, இங்கே பெரும்பாவூர். அங்கே பாப்லரும் தைலமரமும், இங்கே ரப்பர் மரம். மரத்துண்டை லேத்தில் மாட்டிச் சுழற்றி, பென்சில் சீவுவது போல ஒரே நீளத் தாளாக உரிக்கிறார்கள். லேத்தோடு வாழ்கிறவன் என்பதால் வாயைப் பிளந்துகொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். உரித்த தாள்களைக் காயவைத்து, பசை உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு வரிசை நெட்டுவாக்கு, அடுத்த வரிசை குறுக்குவாக்கு என்று அடுக்குகிறார்கள். பிறகு சூடான பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள்.

அந்த அடுக்குகிற இடத்தில்தான் நம் தலையெழுத்து. முகப்புத் தாள் முழுசு. உள்ளே போகும் கோர் பெரும்பாலும் துண்டு துண்டு. ஒரு வட இந்தியப் பையன் சீட்டுக்கட்டுப் பிரிப்பது போல மளமளவென்று துண்டுகளைப் பரப்பினான். இரண்டு துண்டுக்கு நடுவே விரற்கடை இடைவெளி விட்டால் அது 'கேப்'. ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் 'ஓவர்லேப்'. பிரஸ்ஸுக்குப் போய் மேல்தாள் ஒட்டிவிட்டால் இரண்டும் வெளியே தெரியாது. துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து முழுத்தாளாக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஆலைகளும் உண்டு. விலை கூடுவதற்கு நியாயமான காரணங்களில் அது ஒன்று. இன்னொன்று காலிப்ரேஷன்: முகப்புத் தாள் ஒட்டுமுன் உள்பலகையை ஒரே கனத்துக்கு இழைத்துவிடுவது. கடைப்பையன் சிரித்த அந்த ஷீட் காலிப்ரேஷன் பக்கமே போகாதது. தரவிதிப்படி 6 எம்.எம்.முக்கு மேற்பட்ட பலகையில் 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதாவது 19 என்று விற்பது 18.05-க்குக் கீழே போகக் கூடாது. 17.4 என்றால் பில்லில் இருக்கும் மரம் பலகையில் இல்லை. ரூட்டரில் 18 எம்.எம். காடி எடுத்து அதில் அந்தத் தட்டைச் சொருகினால் லொடலொடவென்று ஆடும்.

கேப் இருந்தால் என்ன ஆகும்? கதவுக் கீல் ஸ்க்ரூ சரியாக அந்த வெற்றிடத்தில் இறங்கினால் பிடிமானமே இருக்காது. ஆறு மாதத்தில் கதவு தொங்கும், ஆசாரி வந்து தீக்குச்சி செருகி முடுக்கிவிட்டுப் போவார். ரம்பத்தில் அறுக்கும்போது எனக்குக் காதாலேயே தெரியும். ஒரே சீராக 'ர்ர்ர்' என்று போகும் சத்தம் கேப் வந்ததும் அரை நொடி லேசாகி, மறுபடி இறுகும். ஒரு தடவை உள்ளே ஒட்டாமல் கிடந்த கோர் சில் ஒன்று தெறித்து வந்து கண்ணாடியில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி, நல்லவேளை.

ஓரத்தைப் பார்த்தால் கேப் தெரியுமே என்பீர்கள். அதனால்தான் ஓரத்துக்கு பச்சையோ சிவப்போ பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். பெயின்ட் எல்லாமே திருட்டுத்தனம் என்று சொல்லவில்லை, ஈரம் ஏறாமல் இருக்கவும் அடிப்பார்கள். ஆனால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த இடம் பெயின்டுக்கு அடியில் நன்றாக ஒளிந்துகொள்ளும். எனவே நான் கட்பீஸ் கேட்பேன். அதே கம்பெனி, அதே கனம், யாருக்கோ அறுத்துக் கொடுத்ததில் மீந்தது. எந்தக் கடையிலும் பின்பக்கம் கிடக்கும். புதிதாய் அறுத்த ஓரத்தில் அடுக்குகளை எண்ணலாம், 19 எம்.எம்.மில் 11 அல்லது 13 இருக்கும், எப்போதும் ஒற்றைப்படைதான். எண்ணிக்கையைவிட ஒவ்வொரு அடுக்கும் ஒரே கனமா, நேர்கோடாகப் போகிறதா, எங்காவது மேடேறுகிறதா என்பதைப் பார்க்கிறேன். முழு ஷீட்டை விரல் முட்டியால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போனால் 'டக் டக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொப்' என்று மாறும். அங்கே உள்ளே ஒன்றுமில்லை. முகப்பு செக்கச்செவேலென்று இருந்தால் ஈரக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு. கைக்குட்டை சிவந்தால் மரத்தின் நிறமல்ல, சாயம்.

ஒரு அடிக்கு ஒரு அடி துண்டை சமையலறைத் தராசிலும் நிறுத்தேன். பாப்லர் கோர் போட்ட கமர்ஷியல் 970 கிராம். கர்ஜன் மரம் போட்ட 710 ஒன்றேகால் கிலோவுக்கு மேல். கனமாக இருப்பதெல்லாம் நல்லது என்று ஒரு கட்சி உண்டு, நான் அதில் இல்லை. காயாத பலகையும் கனக்கும். தைலமரக் கோர் கனக்கும், கூடவே முறுக்கிக்கொள்ளும். லேசான பலகை நேராக நிற்குமானால் பரணுக்கும் ஷோகேஸுக்கும் அதுதான் வசதி.

எங்கள் பழைய ஆசாரி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், "தம்பி, அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி இப்ப வராது" என்பார். வெறும் பழம்பெருமை என்று நினைத்திருந்தேன். அப்பா 1987-ல் வாங்கிய அலமாரியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. அது காட்டு மரம். பிறகு நடந்தது பக்கத்து மலையிலேயே தொடங்கிய கதை. நீலகிரி கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டப்படி அல்லாமல் நாடு முழுக்கக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது, வடகிழக்கிலிருந்து மரம் வெளியே வருவதையும் நிறுத்தியது. ஆலைகள் தோட்டத்து மரத்துக்கும் இறக்குமதிக்கும் மாறின. முகப்புக்கு மியான்மர் கர்ஜன் வந்தது. 2014-ல் மியான்மர் உருட்டுமரம் ஏற்றுமதியை நிறுத்தியதும் முகப்புக்கு ஒக்குமே போன்ற மரங்களும் வந்தன. ஒக்குமே காபோன் நாட்டு மரம். ஆசாரி சொல்வது சரி, அந்தச் சரக்கு வராதுதான். வரவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். என் சித்தப்பா மேட்டுப்பாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மலைவேம்பு நட்டிருக்கிறார், பிளைவுட் ஆலைக்கென்றே. இனி அதுதான் நம் கோர்.

வேகமாக வளரும் மரத்தில், முக்கியமாக ரப்பர் மரத்தில், மாவுச்சத்து அதிகம். உளு வண்டுக்கு அது விருந்து. மருந்தேற்றாத கோர் என்றால் இரண்டு வருடத்தில் அலமாரிக்கு அடியில் பவுடர் மாதிரிக் கொட்டும். குண்டூசித் தலையளவு ஓட்டை தெரியும். உள்ளே உளுத்துப்போயிருக்கும். வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நல்ல ஆலையை நம்புவதுதான். 'வாழ்நாள் உத்தரவாதம்' அட்டையை வாசித்துப் பார்த்தேன், பலகைக்குப் பலகை தருவார்களாம். மேலே ஒட்டிய சன்மைக்கா, கூலி, வீடு முழுக்கப் பிரித்துப்போட்ட இம்சை எல்லாம் நம் கணக்கு.

விலைக்கு வருகிறேன். போன மாதம் நான் விசாரித்த கடைகளில் 19 எம்.எம். சதுர அடி கமர்ஷியல் 62 ரூபாய், பி.டபிள்யூ.ஆர். 88, முத்திரை சரியாக இருந்த 710 ஒன்று 118. மேலே 18 சதவீத வரி. எட்டுக்கு நாலு ஷீட் 32 சதுர அடி. அப்போது கமர்ஷியலுக்கும் 710-க்கும் ஷீட்டுக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயே வித்தியாசம். வீடு முழுக்க 710 போடுங்கள் என்று சொல்லும் கடைக்காரரையும் கமர்ஷியலே போதும் என்று சொல்லும் காண்ட்ராக்டரையும் ஒரே தட்டில்தான் வைப்பேன். சிங்க், அடுப்பு மேடைக்குக் கீழ், குளியலறைச் சுவரோடு ஒட்டிய அலமாரி, இவற்றுக்கு 710. சமையலறையின் மற்ற இடத்துக்கு பி.டபிள்யூ.ஆர். தாராளம். ஹால் ஷோகேஸ், படிப்பு மேஜை, டிராயர் அடிப்பலகைக்கு நல்ல கோர் உள்ள கமர்ஷியல். கவனியுங்கள், மட்டமான கோர் உள்ள 710-ஐவிட கேப் இல்லாத கமர்ஷியலில் ஸ்க்ரூ நன்றாக நிற்கும். ஏழடி உயரக் கதவுக்கு பிளைவுட்டே வேண்டாம், வளையும். பைன் பட்டை அடுக்கிய பிளாக்போர்டு போடுங்கள்.

கனத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்து ஒரு தடவை நானே ஏமாந்தேன். புத்தக அலமாரித் தட்டை 12 எம்.எம்.மில் போட்டேன், மூன்றடி அகலம். மகளின் நுழைவுத்தேர்வுப் புத்தகங்கள் ஏறியதும் தொட்டிலாகிவிட்டது. வளையாமல் நிற்கும் பலம் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 12-க்குப் பதில் 19 என்றால் ஏறக்குறைய நாலு மடங்கு. இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் டிப்ளமா.

பணம் இன்னொரு வழியிலும் போகிறது. ஏழடி அலமாரிக்கு எட்டடி ஷீட் வாங்கினால் ஷீட்டுக்கு நாலு சதுர அடி கழிவு. 710-ல் அது வரியோடு ஐந்நூற்றைம்பது ரூபாய். ஏழுக்கு நாலு ஷீட் கேட்டால் கிடைக்கும். கேட்க வேண்டும், அவர்களாக எடுத்துப்போட மாட்டார்கள்.

கமிஷன் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பல கடைகளில் ஆசாரிக்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று உண்டு. நான் தனியாகப் போய் வாங்க ஆரம்பித்தபோது எங்கள் ஆசாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. உட்கார்ந்து பேசினோம். கூலியைச் சதுர அடிக்குக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தேன், சரக்கு நான் எடுக்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் கடைக்கு அவரையும் கூட்டிப்போகிறேன். வெர்னியர் என் வேலை. ஷீட்டின் முனையைத் தூக்கிப்பிடித்து ஒரு கண்ணை மூடி ஓரத்தோடு பார்வையை ஓட்டி, "இது கோணலுங்க, அடுத்ததை இறக்கச் சொல்லுங்க" என்பது அவர் வேலை. அந்தக் கண்ணுக்கு என்னிடம் கருவி இல்லை.

அந்த 710 துண்டு, இருபத்துநாலு மணி நேரம் வெந்தது, இப்போது சமையலறையில் இருக்கிறது. அம்மா அதைப் பிரிமணைக்குப் பதிலாகச் சோற்றுக் குண்டாவுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஒரு தரம் புரட்டி ஓரத்தைப் பார்க்கிறேன்.